எண்ணெய் தொடாத பதினேழு மாதம்

எட்டாம் வகுப்புக்கு நான் அறிவியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் ஆடி மாதம் உணவுப் பாடம் வரும். ‘கொழுப்பு உடலுக்கு வெப்பம் தருகிறது, தோலைக் காக்கிறது’ என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போடுவேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அந்த வருஷம் அதே வாக்கியத்தை எழுதிய என் கையில் விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்தது. சாக்பீஸ் தூள் பட்டு எரிந்ததால் கையை உதறிவிட்டு அடுத்த வரியை எழுதினேனே தவிர, எழுதியதற்கும் கைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லுவார்களே, அது என்னைப் போன்ற டீச்சர்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன மருந்து டீச்சர், எந்த டாக்டர்?” என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. எழுதிவைத்துவிட்டால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அதோடு, என்னைப்போல எண்ணெயை ஒதுக்கிவைத்துக்கொண்டு சொறிந்துகொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தாலும் நல்லதுதான்.

கதை தோலில் தொடங்கவில்லை, மஞ்சள் காமாலையில் தொடங்கியது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். என் கணவர் தனராஜ் அங்கே மூட்டை எண்ணும் குமாஸ்தா. ஐப்பசியில் எனக்குக் காமாலை கண்டது. கண், நகம், சிறுநீர் எல்லாம் மஞ்சள். காமாலை என்றால் அவருக்குக் குலை நடுங்கும். அவருடைய அண்ணன் காமாலையில்தான் இறந்தார். பத்தியத்தில் இருந்தவர் முப்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார், ஒரு வாரத்தில் போய்விட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. மீனால்தான் போனாரா, ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்ததா என்று எந்த டாக்டரும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் இவர் அப்போது கல்லூரி மாணவர், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். அந்த மீன் குழம்பு இவர் மனதை விட்டுப் போகவில்லை.

ஏரல் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள் பத்தியம் சொன்னார். எண்ணெய், நெய், தேங்காய், மீன், கறி, முட்டை எதுவும் ஆகாது. தாளிப்பு கூடாது. தலைக்கும் எண்ணெய் கூடாது. “நாப்பத்தெட்டாம் நாளு இங்கன வாங்க, நானே எண்ணெயத் தொட்டு நாக்குல வைக்கேன். அதுவரைக்கும் வாசம்கூட ஆகாது” என்றார். பத்தியம் கட்டினவர் கைதான் அதை முறிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாதி, மதம் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம் அது. வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான நாங்களும் விலக்கில்லை.

மஞ்சள் இறங்கியது. முப்பது நாளில் கண் வெளுத்தது. நாற்பதாம் நாள் வாக்கில் அந்த வைத்தியர் இறந்துபோனார்.

வயதானவர்தான், தூக்கத்திலேயே போய்விட்டாராம். மகன் பம்பாயில் வேலையில் இருந்தவர், வைத்தியம் தெரியாது. என் கணவர் வேறொரு வைத்தியரைத் தேடிப்போய்க் கேட்டார். அவர் கையை விரித்துவிட்டார். “அடுத்த ஆளு கட்டுன பத்தியத்த நான் அவுக்கப்படாது தம்பி. எதைக் கொடுத்தாரோ, எப்படிக் கொடுத்தாரோ. ஏதும் ஆயிட்டா பழி எனக்குல்லா வரும்.” இதைக் கேட்டுவிட்டு வந்தவர் வீட்டிலிருந்த நல்லெண்ணெய்ப் புட்டியைப் பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டார். “கொஞ்ச நாளு போகட்டும்ளா. அவசரம் என்ன?” என்றார்.

கொஞ்ச நாள் பதினேழு மாதம் ஆனது.

யாராவது என்னைக் கேட்கலாம், படித்தவள்தானே, உனக்கு எங்கே போயிற்று புத்தி என்று. நியாயமான கேள்வி. காமாலையில் படுத்தபோது சமையலைக் கையில் எடுத்தவர் பிறகு என்னிடம் அதைத் திருப்பித் தரவில்லை. விடியற்காலையில் எழுந்து குழைய வடித்து, பருப்பை வேகவைத்து, உப்பும் மிளகும் போட்டு, தாளிக்காத ரசம் ஒன்று வைத்து, எனக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குச் சைக்கிளை எடுப்பார். மூன்று வேளையும் ஒருவர் நம் உயிரைப் பொத்திப் பொத்திச் சமைத்துப் போடும்போது, இதில் எண்ணெய் இல்லையே என்று முகத்தைச் சுளிக்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாளில் நாக்கும் பழகிவிட்டது. அவரும் அதையேதான் சாப்பிட்டார். துறைமுகத்து வாசலில் டீக்கடை வடை இருக்கிறது, அங்கே போய் ஒரு கை பார்த்துவிட்டு வந்து என்னிடம் யோக்கியன் வேஷம் போடுகிறார் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

முதலில் கால் தோல் வறண்டது. கெண்டைக்காலில் மீன் செதில்போல வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. உப்புக் காற்று என்றார்கள். தூத்துக்குடியில் எது வந்தாலும் உப்புக் காற்றுதான், கதவு துருப்பிடித்தாலும் மருமகள் கோபித்தாலும் அதுதான் காரணம். பிறகு முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகத் தடித்தது. தடவினால் வெள்ளரிப் பிஞ்சைத் தடவுவதுபோல இருக்கும். விரல் மூட்டுகள் வெடித்தன. காதுக்குப் பின்னால் நீர் கசிந்தது. சிறு கீறல் பட்டால்கூட ஆறுவதற்கு வாரக்கணக்கானது. தலைமுடி சீப்போடு வந்தது. எப்போதும் தாகம். வெயிலிலும் உள்ளுக்குள் ஒரு குளிர். டவுனில் ஒரு டாக்டர் படை என்று களிம்பு கொடுத்தார். அது எரிந்ததே தவிர ஆறவில்லை.

தை மாதம் ஒரு மாணவியின் தகப்பனார் என் கையைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையிடம் போனார். அம்மையார் என்னைத் தனியே கூப்பிட்டார். “கமலம் டீச்சர், தப்பா எடுத்துக்காதிய. ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்திருங்க.” எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பெருவியாதி, அதாவது தொழுநோய் என்று பெயர் சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் எங்கள் மகள் ஜெசியை, நாலு வயது, சாத்தான்குளத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. பிள்ளையின் பாவாடை சட்டைகளை ஒரு மஞ்சள் பையில் வைத்து, “அம்மாவத் தொடாத, தூரத்துல நின்னே டாட்டா காட்டு” என்றார். அது வாசல்படியில் நின்று கையை ஆட்டியது. தொடக்கூடாது என்பதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஆறு வாரம் நான் அவரிடம் பேசிய பேச்சை எழுதக் கூச்சமாக இருக்கிறது. “பெத்த பிள்ளையப் பிரிச்சிட்டியளே. டாக்டர் சொல்லுமுன்ன நீங்களே தீர்ப்புச் சொல்லிட்டியளே” என்றேன். “ஒங்களுக்கும் அருவருப்பா இருந்தா நீங்களும் ஒங்கக்கா வீட்டுக்கே போயிருங்க” என்றும் ஒருநாள் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் உலையில் அரிசியைப் போட்டார். பதில் சொல்லாததே எனக்கு அவர் ஒத்துக்கொண்டதாகப் பட்டது.

லூர்தம்மாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர். அவர் வீட்டுக்காரர் தோணியில் போகிறவர். ஜெசி பாதி நாள் அந்த வீட்டில்தான் வளர்ந்தது. “இங்கன குந்தி அழுதா ஆவாது டீச்சர். ஒங்க வேதக்கார ஆஸ்பத்திரில நல்ல டாக்டரம்மா இருக்காவளாம். என்ன எழவுன்னு தெரிஞ்சிட்டுப் போவட்டும். அந்தப் பிள்ள இல்லாம எங்க குசினியே வெறிச்சுன்னு கெடக்கு” என்றார். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். அந்த ஆறு வாரத்தில் வெளியாள் யாராவது என்னைத் தொட்டது என்றால் லூர்தம்மாள் மட்டும்தான். நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பங்குனி வெயிலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். வெளிநோயாளிகள் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி மெதுவாக நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் மடியில் கைப்பிள்ளை இருந்தது.

டாக்டர் ரேச்சல் அம்மாள் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பார். என் கையை உறை போடாமல் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயந்துக்கிட்டு வந்திருக்கிய. எதுக்குப் பயம்னும் எனக்குத் தெரியும். அதையே முதல்ல பார்த்திருவோம்” என்றார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டு, “எங்க தொடுதேன்?” என்று கேட்டார். குண்டூசியின் முனையால் ஒரு தடவை, தலையால் ஒரு தடவை. வெந்நீர்க் குழாய் ஒன்று, குளிர்ந்த நீர்க் குழாய் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார். பெருவியாதியில் தோலுக்கு உணர்ச்சி மரத்துப்போகும், அதற்காகத்தான் இந்தச் சோதனை. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டித் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் காது மடலைக் கிள்ளிப் பிடித்து, கத்தியால் மெல்லக் கீறி, அதில் வந்ததைச் சிறு கண்ணாடிச் சில்லில் தேய்த்துக்கொண்டார். அதைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம், கிருமி இருந்தால் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியுமாம்.

“எனக்கு எல்லா எடத்துலயும் உணர்ச்சி இருக்கே டாக்டர்” என்றேன்.

“இருக்கு. ஆனா கண்ணாடியையும் பார்த்துட்டுத்தான் வாயத் திறப்பேன். பெட்டுல சேர்ந்துக்கிடுங்க. ஒண்ணு சொல்லுதேன் டீச்சர், அப்படியே அதுவா இருந்தாலும் மாத்திரை இருக்கு. பிள்ளைய ஊருக்கு அனுப்பி வைக்கிற நோயில்ல அது.”

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு நாள் காத்திருந்தேன். பெண்கள் வார்டில் பதினாறு கட்டில். காலை ஜெபமணி அடித்ததும் ஒருவர் வசனம் வாசிப்பார், பிறகு கட்டில் கட்டிலாக மருந்து வரும். ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடையாது. நோயாளியோடு வந்தவர்கள் பின்னால் இருக்கும் சமையல் கொட்டகையில் அவரவர் அடுப்பில் பொங்கிக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் என் கணவர் ஒருவர்தான் ஆண்பிள்ளை. அந்தக் கொட்டகையில் தாளிக்கும் வாசம் என் சட்டியில் படிந்துவிடும் என்று, அவர் மூன்று கல்லைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்து வெயிலில் பொங்கினார். பங்குனி வெயில், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான். பார்த்தால் ஆபீசுக்குக் கிளம்பியவர் வழியில் உலை வைத்ததுபோல இருக்கும்.

அவர் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டேனே தவிர முகம்கொடுத்துப் பேசவில்லை. எனக்கு நோய் பயம்கூட அந்த நாட்களில் இரண்டாவதுதான். பிள்ளை என்னை மறந்துவிடும் என்ற பயம்தான் முதலாவது. நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது பெரிய காலம். மைனி, அதாவது அவருடைய அக்கா, நல்லவர், தலைவாரிக் கதை சொல்லித் தூங்கவைப்பார். அங்கே அவரையே அது அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று எண்ணி எண்ணி முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஆறாம் நாள் காலை டாக்டர் வந்தார். “டீச்சர், கண்ணாடி சுத்தம். பெருவியாதி இல்ல” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் தெளிந்ததுபோல எனக்குத் தெரியவில்லை. அது எனக்கு வேறு கோபமாக வந்தது.

“அப்ப இது என்ன டாக்டர்?”

“அதான் எனக்கும் பிடிபடல” என்று டாக்டர் என் முழங்கையைத் தடவினார்.

அடுத்த கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மகள் படுத்திருக்க, துணைக்கு இருந்தவள் பேச்சியம்மாள். ஆற்றங்கரையில் நெல் விளைவிக்கிற குடும்பம். வாயை மூடி வைத்திருப்பது அவளால் முடியாத காரியம். “டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. இந்த அம்மைக்கு நோயி என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா இவுக வீட்டுக்காரரு ஆறு நாளா ஒரு சொட்டு எண்ணெ இல்லாமல்லா பொங்குதாரு. நானும் பாக்கேன், கடுகு வெடிக்கவே இல்ல. எண்ணெ தீந்துட்டுப்போலன்னு கரண்டில கொண்டுபோயி நீட்டுதேன், பாம்பப் பாத்தாப்புல ஓடுதாரு” என்றாள்.

வார்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “எத்தன நாளா டீச்சர்?” என்று கேட்டார்.

சொன்னேன். காமாலை, வைத்தியர், பத்தியம், வைத்தியர் இறந்தது, எல்லாம். மோரிலும் வெண்ணெய் எடுத்துவிடுவோம் என்பதையும் சொன்னேன். “பதினேழு மாசம்” என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?” என்று கேட்டார்.

“யாருக்கும் இல்ல. பிள்ளைக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டுலதான்” என்றேன்.

டாக்டர் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்களும் இதே சாப்பாடுதான?”

“ஆமா.”

“வெளிய சாப்பிடுவியளா?”

“இல்ல டாக்டர். அவ திங்க முடியாதத நான் எப்படித் திங்க?”

“சட்டைக் கைய மடக்குங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“மடக்குங்க.”

அவர் மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. மடக்கி மடக்கி முழங்கைக்கு மேலே ஏற்றினார். இரண்டு முழங்கையிலும் என்னுடையதைப்போலவே முள் முள்ளாக, கறுத்துத் தடித்து, ஓரத்தில் வெடித்து இருந்தது. எத்தனை மாதமாக அதை மூடிவைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தேன், பார்க்கவில்லை. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்ட கையை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பெருவியாதி என்று அவரும் நம்பியிருக்கிறார், என்னிடமிருந்து தனக்கும் ஒட்டிவிட்டது என்றும் நம்பியிருக்கிறார். அதனால்தான் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார். பிள்ளையைப் பிரித்தது என்னிடமிருந்து மட்டும் இல்லை. அவரும் அதைத் தொடாமல்தான் அந்த ஆறு வாரமும் இருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மேல் பழி போட்டதுபோல ஆகிவிடுமாம், பிறகு சொன்னார். இப்போது எனக்கு இல்லை என்று டாக்டர் சொன்னதும், அப்படியானால் வியாதி தனக்குத்தான், தானே பரப்புகிறவன் என்று நினைத்து நின்றிருக்கிறார். நானோ முகம் தெளியவில்லையே என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அவர் முழங்கையைத் தடவிப் பார்த்து, பஞ்சாலும் ஊசியாலும் சோதித்துவிட்டு, “ஒங்களுக்கும் அது இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே சட்டியில இருந்து வந்தது” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முழங்கையில் இப்படி முள் முள்ளாக வருவதற்குத் தேரைத்தோல் என்று அர்த்தம் வரும் ஒரு பெயர் மருத்துவத்தில் இருக்கிறதாம். நம் தோலின் மேல்பகுதி, அடுக்கி வைத்த சிறு சிறு செதில்கள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே கொழுப்புப் பூச்சு இருக்கிறது. “நீங்க துறைமுகத்துல இருக்கிய, தோணி கட்டுறதப் பார்த்திருப்பிய” என்று என் கணவரிடம் கேட்டார். “பலகைய எவ்வளவு நல்லாச் சேர்த்தாலும் சந்துல பஞ்சும் எண்ணெயும் குங்கிலியமும் வச்சு அடைக்காட்டி தண்ணி உள்ள வந்திரும்லா? இங்க தண்ணி வெளிய போகுது, அவ்வளவுதான் வித்தியாசம். அதான் டீச்சருக்கு எப்பவும் தாகம், எப்பவும் குளிரு. வெளிய இருந்து உப்பும் சோப்பும் அழுக்கும் உள்ள போகுது. அதான் எரிச்சல், அதான் புண்ணு.”

அந்தப் பூச்சைச் செய்ய வேண்டிய கொழுப்பில் ஒரு வகையை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. தின்றால்தான் உண்டு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது நிறைய இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் காமாலை வந்த ஈரலிலிருந்து பித்தநீர் சரியாக இறங்காமல் அந்தக் கொஞ்சமும் எனக்கு ஒட்டியிருக்காது, அதனால்தான் அவரைவிட எனக்கு மோசம் என்றார். எண்ணெய் இல்லாவிட்டால் சில வைட்டமின்களும் உடம்பில் சேராது. “எல்லாம் எண்ணெயாலதானா, வைட்டமினும் சேர்ந்தான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டையும் கொடுத்துப் பார்ப்போம்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற டாக்டர். அதனாலேயே அவர் சொன்ன மற்றதை நம்பினேன்.

“தேங்காய் எண்ணெயத் தடவுனா போதாதா டாக்டர்?” என்றேன்.

“தடவுங்க, குளிச்ச ஈரத்தோட தடவுங்க, தண்ணி போகாமப் பிடிச்சு வைக்கும். ஆனா அது மேல போடுத போர்வைதான். தேங்காய் எண்ணெயில நான் சொன்ன சரக்கு கொறவு. சந்த அடைக்கிற வேல உள்ள இருந்து நடக்கணும்.”

இவ்வளவையும் கேட்ட என் கணவர், “அப்ப நாந்தான் இவள இப்படிப் பண்ணிட்டனா?” என்றார். நான் கட்டிலில் இருந்து இறங்கிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சொரசொரவென்று இருந்தது. “இல்ல. காமாலையில இருந்து நீங்கதான் என்ன எழுப்பி உக்கார வச்சிய” என்றேன். அது முகஸ்துதி இல்லை, உண்மை.

“எண்ணெயச் சேர்த்துக்கிடுதோம் டாக்டர். ஆனா அந்தப் பத்தியம்...” என்று இழுத்தார். அண்ணனின் மீன் குழம்பு அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை, கேலி செய்யவும் இல்லை. ரத்தச் சோதனைச் சீட்டை எடுத்துக் காட்டி, ஈரல் இப்போது சரியாக இருக்கிறது என்று வரி வரியாக விளக்கினார். பிறகு பேச்சியம்மாளிடம், “ஒங்க எண்ணெய்ப் புட்டி எங்கம்மா?” என்று கேட்டார். நல்லெண்ணெய் வந்தது. மத்தியானச் சோற்றில், என் தட்டில் ஒரு கரண்டி, அவர் தட்டில் ஒரு கரண்டி, டாக்டர் தன் கையாலேயே ஊற்றினார். “வைத்தியர் இல்ல. நான் இருக்கேன். நான் முறிக்கேன். பழி வந்தா எனக்கு வரட்டும்” என்றார். என் கணவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். வழக்கமாக ஒரு நிமிஷம் பண்ணுவார், அன்று சோறு ஆறிவிட்டது.

எண்ணெய் பட்ட முதல் கவளம் எனக்குக் குமட்டியது. இரண்டாவது இனித்தது. அவர் தன்னுடையதைச் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் பட்ட பாடு சிரிக்கத்தக்கது. மணிக்கொரு தரம், “ஏளா, கண்ணக் காட்டு” என்று என் இமையை இழுத்து வெயிலில் பார்ப்பார். மஞ்சள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் மூன்று கல்லையும் வேப்பமரத்தடியிலிருந்து தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துக் கடுகு தாளித்தார். பேச்சியம்மாள் வார்டுக்கு ஓடிவந்து, “வெடிச்சிட்டு, வெடிச்சிட்டு” என்றாள். அவளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவளும் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை.

தினம் மூன்று கரண்டி எண்ணெய், ஒரு கை வேர்க்கடலை, நாற்றம் பிடித்த சுறா எண்ணெய் ஒரு கரண்டி, வைட்டமின் மாத்திரை. குளிக்கும்போது சோப்பைக் கக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பத்து நாளில் காதுக்குப் பின்னால் கசிவு நின்றது. மூன்று வாரத்தில் விரல் வெடிப்புகள் மூடின. தாகம் குறைந்தது எனக்கே தெரியாமல் குறைந்தது, ஒருநாள் செம்பில் தண்ணீர் அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் கவனித்தேன். முழங்கை முள் மட்டும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், “நல்லதுன்னு சொன்னேன்னு புட்டி புட்டியாக் குடிச்சு வைக்காதிய. வறண்ட தோலு எல்லாத்துக்கும் இதுதான் மருந்துன்னு ஊருக்குச் சொல்லவும் சொல்லாதிய” என்றார். அதனால் அதையும் எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே சாத்தான்குளம் பஸ் ஏறினோம். மைனி வீட்டு வாசலில் ஜெசி மண்ணில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடிவரவில்லை. சொல்லிக்கொடுத்தபடி தூரத்தில் நின்று கையை ஆட்டினாள். என் கணவர் மண்ணிலேயே முழங்கால் போட்டு, “இனிம தொடலாம்ளா, வா” என்றார். அவள் என்னைப் பார்த்து, “அம்மாவையுமா?” என்று கேட்டாள். மறக்கவில்லை. என்னை அம்மா என்றுதான் கேட்டாள். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது தோலில் எங்கோ சுருக்கென்றது. அந்த வலிக்கும் சேர்த்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அன்று மைனி எங்கள் மூன்று பேருக்கும் மீன் பொரித்துப் போட்டார். எங்களை ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் இரண்டு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்.

இதெல்லாம் போன வருஷம். சமையல் இப்போதும் அவர் கையில்தான், நான் கேட்டும் தரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, அவர் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன்.

“நம்ம ரெண்டு பேருக்கும் அந்த வியாதின்னு நெனச்சியள்லா. பிள்ளையையும் விட்டுட்டு வந்துட்டிய. மேக்கொண்டு என்ன செய்யதா இருந்திய?”

சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

“பிள்ள அக்காகிட்ட வளந்திரும். நமக்கு ஊருக்கு வெளிய எங்கனயாவது ஒரு ஓலைப்பெர போட்டுக்கிடலாம்னு எடம்கூடப் பாத்து வச்சிருந்தேன். எனக்கு அப்பம் கைவெரலு நல்லாத்தான இருந்துச்சு. ஒனக்குச் சோறு பொங்க ஒரு ஆளு வேணும்லா.”

அவ்வளவுதான். மீனைத் திருப்பிப் போட்டார்.